நங்கூரம் போட்ட பிறகு: ப.சிங்காரத்தின் கரைகள்

1

‘புயலிலே ஒரு தோணி’யைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பத்து நிமிஷத்துக்குள் பேச்சு அந்தப் புயலில் வந்து நின்றுவிடும். ஜப்பானியர் ஆட்சியில் சுமத்ராவிலிருந்து பினாங்குக்குக் கிளம்பும் தொங்கான், நடுவழியில் பிடித்துக்கொள்ளும் காற்று, கையில் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு கிடக்கும் ஆட்கள். தமிழில் கடலை இப்படி யாரும் எழுதவில்லை என்பார்கள். வாஸ்தவம்தான். வாசகர் கூட்டங்களில், யூட்யூப் உரைகளில், ஃபேஸ்புக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருவதும் அந்தப் பக்கங்கள்தான்.

எனக்கு வேறொரு கேள்வி. காற்று அடங்கியது, தொங்கான் கரை சேர்ந்தது, பாண்டியன் பினாங்கில் இறங்கினான். அப்புறம்? நாவல் அங்கே முடியவில்லை. இன்னும் ஏகப்பட்டது பாக்கி இருக்கிறது. அந்தப் பாக்கியைப் பற்றி நாம் ஏன் அவ்வளவாகப் பேசுவதில்லை?

மெடானின் துறைமுகமான பெலாவனுக்கும் பினாங்குக்கும் இடையே கடல்தூரம் சுமார் 250 கிலோமீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் மதுரையிலிருந்து சேலம் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூட. மலாக்கா நீரிணையில் ‘சுமத்ரா’ என்றே பெயர் பெற்ற காற்று உண்டு. பெரும்பாலும் ராத்திரியில், விடியலுக்கு முன்னால், திடீரென்று மழையோடு வந்து சில மணி நேரம் புரட்டிப் போட்டுவிட்டுப் போய்விடும். பெருங்கடல் புயல் மாதிரி நாள்கணக்கில் நீள்வதில்லை. அந்தக் கடலில் புயல் என்பது குறுகிய விஷயம். சிங்காரத்தின் நாவலில் நீளமான பயணம் வேறு. ஊரை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து, திரும்பிப் போக முடியாமல் போன நாள் வரைக்கும் ஓடுகிற பயணம் அது. அந்தப் பயணம் எந்தத் துறையில் முடியும், முடிந்த பிறகு ஆள் எப்படி உட்காருவான் என்பதுதான் அவருடைய இரண்டு நாவல்களின் மையம் என்று நினைக்கிறேன். இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது அதைத்தான்.

2

இதைச் சொல்வதற்கு முன்னால் பாய்மரக் காலத்தில் துறைமுகம் என்றால் என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். நமக்கு இப்போது துறைமுகம் என்றால் சரக்கு ஏற்றி இறக்கும் இடம். கப்பல் வரும், ஓரிரு நாளில் போய்விடும். பாய்மரக் காலத்தில் அப்படி இல்லை. போவது ஒரு காற்றில், திரும்புவது இன்னொரு காற்றில். எகிப்திலிருந்து வந்த கிரேக்கக் கப்பல்கள் ஜூலை வாக்கில் புறப்பட்டு, தென்மேற்குக் காற்றோடு மேற்குக் கரைக்கு வந்து சேரும். திரும்ப வேண்டுமானால் டிசம்பர், ஜனவரியில் காற்று மாற வேண்டும். நடுவில் உள்ள மாதங்கள் துறைமுகத்தில்தான். இதை யாரும் தாமதம் என்று நினைக்கவில்லை. பயணத்தின் ஒரு பகுதியே காத்திருப்பதுதான்.

காத்திருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. கடன் கொடுத்தார்கள், வாங்கினார்கள், பாஷை கற்றார்கள், கல்யாணம் செய்தார்கள். மலாக்கா இப்படிக் காத்திருந்தவர்களால் வளர்ந்த ஊர். போர்த்துக்கீசியர் வருவதற்கு முன்பே அங்கே வெளிநாட்டு வியாபாரிகளுக்கென்று நான்கு ஷாபந்தர்கள் இருந்ததாக 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோமே பிரெஸ் எழுதியிருக்கிறார். மலாக்காச் செட்டிகள் என்ற சமூகம் இன்றைக்கும் அங்கே இருக்கிறது. தமிழ் வியாபாரிகளுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த வம்சம். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது நம்ம சாமிகள். மலாக்காவில் அவர்களுடைய பொய்யாத விநாயகர் கோவில் 1781இல் கட்டியது. ஒரு பருவத்துக்குத் தங்க வந்தவர்கள் ஒரு ஜனமாகவே ஆகிவிட்ட கதை இது.

நமக்குப் பக்கத்துக் கடலிலும் இதே கணக்குதான். தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துப் போய்க்கொண்டிருந்த காலத்தில், கச்சான் காற்று பலமாக வீசும் மாதங்களில் தோணி ஓடாது. பாயைக் கழற்றித் தைப்பார்கள், கயிறு மாற்றுவார்கள், பலகை இடுக்குகளை அடைப்பார்கள், எண்ணெய் பூசுவார்கள். தோணிக்கு அது ஓய்வு. தண்டலுக்கும் கூட இருக்கிற ஆட்களுக்கும் அது கஷ்டகாலம். நடை இல்லையென்றால் கூலி இல்லை. முன்பணம் வாங்கித்தான் சாப்பிட வேண்டும். அடுத்த பருவத்தில் அந்தப் பணத்துக்காகவே மறுபடி கடலுக்குப் போக வேண்டும்.

கடலுக்குச் சம்பந்தமே இல்லாதது போலத் தெரியும் வட்டிக்கடைக்கும் இப்படி ஒரு பருவக் கணக்கு இருந்தது. செட்டிநாட்டில் இதற்குக் ‘கொண்டுவிற்கப் போதல்’ என்று பெயர். பர்மா, மலேயா, சுமத்ரா என்று போகிற மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் மூன்று வருஷக் கணக்குக்குப் போவார்கள். கணக்கு முடிந்ததும் ஊருக்கு வந்து, கொஞ்ச காலம் இருந்து, கல்யாணமோ வீட்டு வேலையோ பார்த்துவிட்டு, அடுத்த கணக்குக்குக் கப்பலேறுவார்கள். ஊர்தான் அவர்களுடைய துறைமுகம். அங்கே வந்து தங்கும் பருவம் உறுதியாக இருந்ததால்தான் கடலுக்கு அப்பால் இருந்த மூன்று வருஷத்தைச் சகித்துக்கொள்ள முடிந்தது.

சிங்காரம் இந்த உலகத்துக்குள் போனவர். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, மதுரையில் படித்து, 1938இல் மெடானுக்குப் போய் வட்டிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் குதித்ததும் இந்தக் கணக்கு மொத்தமும் அறுந்தது. கப்பல் கிடையாது, கடிதம் கிடையாது. மூன்று வருஷத்தில் ஊர் திரும்ப வேண்டியவனுக்கு, எப்போது திரும்புவோம் என்ற தேதியே இல்லாமல் போனது. சிங்காரத்தின் இரண்டு நாவல்களிலும் உள்ள அத்தனை ஆண்களும் இப்படித் தேதி அறுந்தவர்கள்தான். சண்டை, சாகசம், குடி, பேச்சு எல்லாமே இந்த அறுந்த கணக்கின் மேல் நடக்கிறது.

3

‘கடலுக்கு அப்பால்’ நாவலை எல்லாரும் இரண்டாம் இடத்தில் வைப்பார்கள். பயிற்சிக்காக எழுதியது, அடுத்ததுதான் சாதனை என்பது வழக்கமான தீர்ப்பு. 1950இல் எழுதி, 1959இல் கலைமகள் நாவல் போட்டியில் பரிசு வாங்கியது. நடை அடக்கமாக இருக்கும். மொழி விளையாட்டு குறைவு. ஆனால் துறைமுகம் என்ற கேள்வியை வைத்துப் படித்தால் இதுதான் இரண்டில் கறாரான நாவல் என்பேன்.

செல்லையா பினாங்கில் வட்டிக்கடை ஊழியன். முதலாளி வானாயீனா. முதலாளியின் மகள் மரகதம். போர் வருகிறது. செல்லையா இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான். சண்டையெல்லாம் முடிந்து, உயிரோடு, மானத்தோடு பினாங்குக்குத் திரும்பி வருகிறான். வழக்கமான கதை என்றால் இங்கே முடிந்திருக்கும். வீரன் வந்துவிட்டான், பெண் காத்திருக்கிறாள், மாலை மாற்ற வேண்டியதுதான் பாக்கி. சிங்காரம் இங்கிருந்துதான் நாவலின் நிஜமான சிக்கலை எடுக்கிறார். முதலாளிக்கு இவன் வேண்டாம். குண்டுவீச்சில் மகனைப் பறிகொடுத்த மனுஷன் அவர். கடையை யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டும். ஆனால் துப்பாக்கி தூக்கியவனிடம் பெட்டியைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

வானாயீனாவை வில்லனாகப் படிப்பது சுலபம். நாவல் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அவர் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. வட்டித்தொழில் என்பது உட்கார்ந்து செய்வது. நிதானம், பயம், சிக்கனம், மறதியில்லாமை. இதெல்லாம் அதற்கு மூலதனம். வெளியே போய்ச் சாவைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இந்தப் பயம் போய்விடும். பயம் போனவன் கடை நடத்த முடியாது. அவர் கண்ணில் செல்லையா நல்லவன், கெட்டிக்காரன், ஆனால் உட்கார முடியாதவன். உட்கார முடியாதவனுக்கு மகளைக் கொடுத்தால் கடையும் போகும், மகளும் கஷ்டப்படுவாள். இப்படிக் கணக்குப் போடும் ஒரு தகப்பனை இன்றைக்கும் நம் தெருவில் பார்க்கலாம். ‘வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த பையன், இங்கே ஒட்டமாட்டான்’ என்று பேச்சு வருமே, அது அவருடைய குரல்தான்.

இந்த இடத்தில் நாவல் ஒரு கஷ்டமான உண்மையைத் தொடுகிறது. பயணத்தை முடித்துக்கொள்வது பயணியின் கையில் மட்டும் இல்லை. துறைமுகமும் அவனை ஏற்றுக்கொள்ள வேண்டும். கப்பலை நிறுத்த இடம் வேண்டும், ஆழம் பார்க்க வேண்டும், கட்டுவதற்குக் கரையில் ஒரு தூண் வேண்டும். செல்லையாவிடம் நங்கூரம் இருக்கிறது. கட்டுவதற்குத்தான் கரையில் எதுவும் இல்லை. அவனுடைய நண்பன் மாணிக்கம் சொல்லும் ஆறுதல்களைத் தத்துவம் என்று எடுத்து எழுதிவைத்துக்கொள்ளும் வாசகர்கள் உண்டு. எனக்கு அந்த ஆறுதல் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. மாணிக்கம் பேசப் பேச செல்லையாவுக்கு ஆக வேண்டிய காரியம் எதுவும் ஆவதில்லை என்பதையும் நாவல் கூடவே காட்டிக்கொண்டு போகிறது. அந்த இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

4

‘புயலிலே ஒரு தோணி’ 1962 வாக்கில் எழுதப்பட்டு, பத்து வருஷம் கிடந்து, 1972இல் புத்தகமாக வந்தது. இதில் பாண்டியன் செல்லையாவின் தலைகீழ். செல்லையாவுக்குக் கரை கிடைக்கவில்லை. பாண்டியனுக்குக் கிடைக்கிற கரை எதிலும் கால் தரிக்கவில்லை. மெடான், பினாங்கு, பாங்காக், மறுபடி சுமத்ரா. ஒவ்வொரு ஊரிலும் அவனுக்கு ஆட்கள் இருக்கிறார்கள், வேலை இருக்கிறது, மரியாதை இருக்கிறது. இருந்தும் கிளம்பிவிடுகிறான்.

அவன் பெயரைக் கவனியுங்கள். மதுரையை விட்டு வந்த ஒருவனுக்குப் பாண்டியன் என்று பெயர். மதுரைக்கு வெளியே ஒரு பாண்டியனுக்கு என்ன வேலை? நாவலில் அவனுடைய நினைவு முழுக்க சின்னமங்கலமும் மதுரையும்தான். தெரு, கடை, சத்தம், வாசனை, ஆள்பெயர் என்று அடுக்கிக்கொண்டே போகிறார் சிங்காரம். இந்தப் பகுதிகளை ஊர்ப்பாசம் என்று சொல்லிவிட்டுப் போவதில் எனக்குச் சம்மதமில்லை. ஊர்ப்பாசத்தில் ஊர் அழகாக இருக்கும். இவருடைய மதுரையில் அழுக்கு, அற்பத்தனம், காமம், வெட்டிப்பேச்சு எல்லாம் அப்படியே இருக்கிறது. துறைமுகத்துக்குள் நுழையும் மாலுமி கரையடையாளங்களைச் சரிபார்க்கிற மாதிரி பாண்டியன் ஊரைச் சரிபார்த்துக்கொள்கிறான். கோபுரம் இருக்கிறதா, கடைவீதி இருக்கிறதா, அந்தத் திருப்பம் அங்கேயே இருக்கிறதா? உள்ளே வர வேண்டியவன் செய்கிற காரியம் இது. அவன் வரப்போவதில்லை என்பதுதான் சோகம்.

புயல் அத்தியாயத்தை மறுபடி இந்த வெளிச்சத்தில் படித்துப் பாருங்கள். அதில் பாண்டியன் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. பிடித்துக்கொள்வது மட்டும்தான். முடிவெடுப்பது கப்பல்காரனும் காற்றும். மனிதனுடைய குணம் அங்கே சோதிக்கப்படுவதில்லை, உடம்புதான் சோதிக்கப்படுகிறது. குணம் சோதிக்கப்படுவது பினாங்கில் இறங்கிய பிறகு. மதுக்கடை மேஜைகளில் நடக்கும் அந்த நீளமான உரையாடல்கள் இருக்கின்றனவே, தமிழ், வரலாறு, இலக்கியம், இனப்பெருமை என்று போகும் கிண்டலும் கேலியும், அவற்றைச் சிலர் நாவலின் வேகத்தைக் கெடுக்கும் பகுதிகள் என்பார்கள். எனக்கு நாவலின் உயிரே அங்கேதான் இருக்கிறது. காற்று மாறக் காத்திருக்கும் ஆட்கள் துறைமுகத்தில் பேசுகிற பேச்சு அது. போக வழியில்லை, உட்கார மனமில்லை. நாக்கு மட்டும் ஓடுகிறது.

அந்தப் பேச்சு நடக்கும் இடத்தையும் யோசிக்க வேண்டும். பினாங்குக்கு எதிர்க்கரைதான் கெடா. நாம் பெருமையாகச் சொல்லும் கடாரம். 1025 வாக்கில் ராஜேந்திரன் படை போய் வென்ற துறைகளை மெய்க்கீர்த்தி வரிசையாகச் சொல்கிறது. அந்தப் படையில் போனவர்களில் எத்தனை பேர் எந்தக் காற்றில் திரும்பினார்கள், திரும்பி வந்து என்ன செய்தார்கள் என்பதற்கு அங்கே இடமில்லை. நம் கடல் பெருமை முழுக்கப் புறப்பாட்டிலும் வெற்றியிலும் நின்றுவிடுகிறது. இன்றைக்கு இணையத்தில் ஓடும் சோழர் வீடியோக்களும் அப்படித்தான். கடாரத்தின் கரைக்கு எதிரே உட்கார்ந்து, ஊருக்குப் போகக் கப்பல் இல்லாத தமிழர்கள் தமிழர் பெருமையைக் கிண்டல் செய்கிறார்கள் என்றால், அதன் உறைப்பு எங்கிருந்து வருகிறது என்று புரியும். பெருமை பேசுகிறவனிடம் அவர்கள் மறைமுகமாகக் கேட்பது ஒன்றுதான்: சரிப்பா, போனவன் திரும்பி வந்தானா?

பாண்டியன் திரும்பவில்லை. ஜப்பான் சரணடைந்த பிறகு, டச்சுக்காரர்களை எதிர்க்கும் கொரில்லாச் சண்டையில் சேர்ந்து, ஊர் நினைப்போடே சுமத்ரா மண்ணில் சாகிறான். இதை வீரமரணம் என்று படித்தால் நாவல் சிறுத்துவிடும். உட்காரத் தெரியாதவனுக்குக் கிடைத்த ஒரே நிறுத்தம் அது.

5

இங்கே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இரண்டு நாவல்களிலும் துறைமுகம் என்ற கேள்வி ஆண்களுடையதாகவே இருக்கிறது. மரகதம் காத்திருக்கிறாள், அவளுடைய காத்திருப்பு எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரிவதில்லை. அப்பா ஒன்று முடிவு செய்கிறார், செல்லையா ஒன்று முடிவு செய்கிறான். இரண்டு முடிவுக்கும் நடுவில் அவள் அழுகிறாள். அவ்வளவுதான். ஆயிஷாவிடம் பாண்டியனுக்குக் கிடைக்கும் இதம் நாவலின் நல்ல பக்கங்களில் வருகிறது. ஆனால் அவன் கிளம்பிப் போன பிறகு அவளுடைய நாட்கள் எப்படி ஓடுகின்றன என்று பார்க்க நாவல் ஒருபோதும் அங்கே தங்குவதில்லை. பாண்டியன் எந்த வேகத்தில் கிளம்புகிறானோ அதே வேகத்தில் நாவலும் கிளம்பிவிடுகிறது.

கரையிலேயே இருப்பவர்களுக்குப் பயணம் என்பது வேறு விதமாக நடக்கிறது. மலாக்காச் செட்டிகளின் கதையில் பாதி அந்த உள்ளூர்ப் பெண்களுடைய கதை. காற்று மாறியதும் போனவனுடைய பிள்ளையை வளர்த்து, அவனுடைய சாமியையும் தன் பாஷையையும் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். செட்டிநாட்டில் பெரிய வீடுகளைக் காத்துக்கொண்டிருந்த ஆச்சிமார்களுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. சிங்காரத்தின் பார்வை அந்தப் பக்கம் போகவில்லை. அவர் காலத்தின் குறை என்று மன்னித்துவிடலாம் என்பார்கள். அப்படித் தோன்றவில்லை. துறைமுகத்தைப் பற்றி இவ்வளவு யோசித்த ஒருவர், துறைமுகத்தில் குடியிருப்பவர்களைப் பற்றி யோசிக்காதது நாவலுக்குள்ளேயே இருக்கும் ஓட்டை.

இதை ஜோ டி குரூஸோடு வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ‘ஆழி சூழ் உலகு’ (2004) கடலில் தத்தளிக்கும் மூன்று பேரிலிருந்து விரிகிறது. கரை சேர்வார்களா என்பதுதான் கேள்வி. ஆனால் கரை என்ன என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆமந்துறை அங்கேயே இருக்கிறது. தாய், பிள்ளை, கோவில், சண்டை, கடன் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. ‘கொற்கை’ (2009) தூத்துக்குடியின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டைத் தோணித் தொழிலை வைத்துச் சொல்கிறது. சாகித்ய அகாடமி பரிசு பெற்ற நாவல். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, தோணி ஓடும் காலத்தைப் போலவே ஓடாத காலமும் அதில் வாழ்க்கையாக இருப்பது. யாருக்கு முன்பணம், யார் தோணி யார் கைக்கு மாறியது, எவன் தண்டலாக இருந்து முதலாளி ஆனான், எவன் முதலாளியாக இருந்து கடனாளி ஆனான் என்பதெல்லாம் கரையில்தான் முடிவாகிறது.

குரூஸுக்கு ஒரு சமூகம் இருக்கிறது. ஆகவே அவருடைய ஆட்களுக்குத் துறைமுகம் பிறப்பிலேயே கிடைத்துவிடுகிறது. சிங்காரத்தின் ஆட்கள் வானம் பார்த்த பூமியிலிருந்து கடலுக்குப் போனவர்கள். சிங்கம்புணரி, திருப்பத்தூர், மேலூர்ப் பக்கமெல்லாம் கண்மாய் நிறைந்தால் விவசாயம், இல்லையென்றால் வெளியூர்ப் பிழைப்பு. கடல் அவர்களுக்குத் தொழில் இல்லை, கடந்து போக வேண்டிய ஒரு வழி. கடலைத் தொழிலாக எடுத்தவனுக்கு எந்தக் காற்றில் கரையேற வேண்டும் என்று அப்பன் பாட்டன் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. இந்த வித்தியாசத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டால், ‘புயலிலே ஒரு தோணி’யைக் கடல் நாவல் என்ற அலமாரியில் வைக்க மாட்டோம். நிலத்துக்காரனுடைய நாவல் அது.

6

கடைசியாக, மதுரை. சிங்காரம் 1946இல் இந்தியா திரும்பினார். மனைவியையும் குழந்தையையும் பிரசவத்தில் அங்கேயே பறிகொடுத்திருந்தார். 1947இல் மதுரை ‘தினத்தந்தி’யில் சேர்ந்து 1987 வரை நாற்பது வருஷம் வேலை பார்த்தார். மறுபடி கல்யாணம் செய்யவில்லை. ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஏறக்குறைய ஐம்பது வருஷம் தனியாக இருந்தார். 1997இல் இறந்தார். இரண்டே நாவல்.

இந்த வாழ்க்கையைச் சுற்றி ஒரு தொன்மம் கட்டிவிட்டோம். ஒற்றை அறை, புறக்கணிப்பு, பதிப்பாளர்களின் அலட்சியம், மனம் கசந்து எழுதுவதை நிறுத்திய மேதை. புறக்கணிப்பு நடந்தது உண்மை. பத்து வருஷம் ஒரு கையெழுத்துப் பிரதி கிடந்தது அவமானம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தத் தொன்மம் இரண்டு கெடுதல் செய்கிறது. ஒன்று, நாவலைக் குறை சொல்லவே கை வருவதில்லை. பாவம், இவ்வளவு கஷ்டப்பட்டவர் என்று தோன்றிவிடுகிறது. ஆயிஷாவைப் பற்றி மேலே சொன்னதை ஒரு வாசகர் கூட்டத்தில் சொன்னால், ‘அவர் பட்ட பாட்டுக்கு இதெல்லாம் ஒரு குறையா’ என்பார்கள். பரிதாபம் ஒரு நாளும் விமர்சனம் ஆகாது. இரண்டாவது கெடுதல், மதுரையில் அவர் இருந்த ஐம்பது வருஷத்தையும் வெறும் தோல்வியாக்கிவிடுகிறோம். அவருடைய வாழ்க்கை இந்தோனேசியாவில் நடந்தது, மதுரையில் அவர் மிச்சத்தைக் கழித்தார் என்கிற மாதிரி.

கணக்கைப் பாருங்கள். அவர் கடலுக்கு அப்பால் இருந்தது எட்டு வருஷம். கரையில் இருந்தது ஐம்பது வருஷம். இரண்டு நாவலும் எழுதப்பட்டது கரையில். மெடான் வீதியும் பினாங்கு மதுக்கடையும் தொங்கானும் மதுரையில் உட்கார்ந்து, பகலெல்லாம் செய்திக்கும் பத்திரிகைக்கும் நடுவில் வேலை பார்த்த ஒருவரால் எழுதப்பட்டவை. பாயைக் கழற்றி, தைத்து, மடித்து வைக்கும் பருவத்தில் வந்த எழுத்து. பாண்டியன் அங்கே நின்று மதுரையை நினைத்தான். சிங்காரம் மதுரையில் இருந்துகொண்டு மெடானை நினைத்தார். நாவலில் வரும் மதுரை அவ்வளவு துல்லியமாக இருப்பதற்கு அவர் அங்கேயே இருந்ததும் ஒரு காரணம். ஏக்கத்தில் நினைவுகூரப்பட்ட ஊரின் விவரங்களைத் தினமும் நடந்து சரிபார்க்க முடிந்த எழுத்தாளர் அவர்.

மதுரையிலிருந்து கடலுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். ஊர் ஆறான வைகையே ஒழுங்காகக் கடலுக்குப் போய்ச் சேர்வதில்லை. வருகிற தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் நின்றுவிடும், வெள்ளம் மிஞ்சினால்தான் மேலே போகும். கண்மாயில் நின்ற தண்ணீரை வீண் என்று இந்தப் பக்கத்து விவசாயி யாரும் சொல்லமாட்டான்.

அவருக்கு வேறு வழி இருந்ததா, மூன்றாவது நாவல் வந்திருக்குமா என்பதெல்லாம் யூகம். எழுதிய இரண்டும் நம் கையில் இருக்கின்றன. அவற்றில் ஒருவனுக்குக் கரையைக் காட்டி ஏற மறுத்தார், இன்னொருவனைக் கரை சேர விடாமலே கொன்றார். தான் மட்டும் கரையேறி, யாருக்கும் தெரியாமல், சம்பளம் வாங்கி, செலவைக் குறைத்து, ஐம்பது வருஷம் உட்கார்ந்துகாட்டினார். வானாயீனா கேட்ட தகுதி இதுதான் இல்லையா? நிதானம், சிக்கனம், ஓர் இடத்தில் இருப்பது. செல்லையாவுக்குக் கிடையாது என்று முதலாளி முடிவுகட்டிய குணம், செல்லையாவை எழுதியவரிடம் கடைசி வரை இருந்தது. அப்படியானால் முதலாளியின் தீர்ப்பு தப்பு. போர் பார்த்தவனாலும் உட்கார முடியும், ஆனால் அதற்கு விலை உண்டு. அந்த விலை என்ன என்று சிங்காரம் எங்கேயும் எழுதவில்லை. எழுதாமல் விட்ட அந்த நாவலுக்காகத்தான் எனக்கு வருத்தம். பதிப்பாளர்கள் மேல் உள்ள வருத்தத்தைவிட அது பெரிது.

புதிதாகப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ‘கடலுக்கு அப்பால்’ முதலில். அதை முடித்த கையோடு ‘புயலிலே ஒரு தோணி’. புயல் அத்தியாயம் வரும்போது வேகமாகப் போய்விடுங்கள், அது எப்படியும் உங்களை இழுத்துக்கொண்டு போகும். பினாங்கில் இறங்கிய பிறகு மெதுவாகப் படியுங்கள். மேஜையில் யார் பேசுகிறார்கள், யார் சும்மா இருக்கிறார்கள், யார் எழுந்து போகிறார்கள் என்று பாருங்கள்.